கீழிமையைப் பார்த்து மருந்து கொடு

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. பரண் கட்டி, கன்னி இன ஆடுகளும் போயர் கலப்பு ஆடுகளுமாக முப்பது உருப்படி வாங்கிவிட்ட செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நீ அனுப்பிய மருந்து அட்டவணையும் வந்து சேர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மந்தை மொத்தத்துக்கும் ஒரே நாளில் குடற்புழு மருந்து என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறாய். பயிற்சிக் கையேடுகளிலும் மருந்துக் கடைச் சுவர்களிலும் தொங்குகிற அட்டவணைதான். அந்த வரியை அடித்துவிடச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கான காரணங்களில் பாதி ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கின்றன. மீதி தென்னாப்பிரிக்காவில்.

நம் பக்கத்து வெள்ளாடுகளை அதிகம் கொல்லும் 'குடற்புழு' குடலில் குடியிருப்பதே இல்லை. ஆட்டின் நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. ஹீமாங்கஸ் என்பது அதன் பெயர். உருண்டைப்புழு இனம், இரத்தம் குடிப்பது அதன் பிழைப்பு. பெண்புழு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இறந்த ஆட்டை உடனே அறுத்து, அந்த இரைப்பையைக் கத்தரியால் நீளவாக்கில் திறந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சளிப்படலத்தின் மேல் தையல் நூலைக் கத்தரித்துக் கொட்டியது போலப் புழுக்கள் நெளியும். ஒவ்வொன்றிலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக் கிடக்கும். சிவப்பு, அது குடித்த ஆட்டு இரத்தம் நிரம்பிய குடல். வெள்ளை, அதைச் சுற்றிக்கொண்டிருக்கும் கருப்பை, முட்டை நிறைந்தது. ஆடு செத்து நேரமாகிவிட்டால் நிறம் மங்கிப் புழுக்கள் கண்ணுக்கு எளிதில் பிடிபடா. அதனால்தான் காலையில் செத்துக் கிடந்த ஆட்டை மாலையில் அறுத்துப் பார்த்துவிட்டுப் 'புழு எதுவும் இல்லை' என்று சிலர் சாதிக்கிறார்கள்.

கணக்கைக் கொஞ்சம் பார். ஒரு புழு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 0.05 மில்லி லிட்டர், அதாவது ஒரு சொட்டு. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. இருபது கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம்தான் ஓடுகிறது. மழைக்காலத்தில் ஒரு ஆட்டுக்குள் சில ஆயிரம் புழுக்கள் சேர்வது அதிசயமில்லை. இனப்பெருக்கம் இன்னும் மோசம். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் முட்டையிடும். ஐந்நூறு பெண்புழுக்களைச் சுமக்கும் ஒரே ஒரு ஆடு, ஒரு நாளில் 25 லட்சம் முட்டைகளைப் புழுக்கையோடு தரையில் தெளித்துவிட்டுப் போகிறது. மற்ற ஆடுகள் பின்னாலேயே மேய்ந்து வருகின்றன.

ஈரமும் சூடும் சேர்ந்தால் முட்டை பொரிந்து, இரண்டு முறை தோலுரித்து, ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய இளம்புழுவாகிவிடும். அது புல்லில் படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்தி மேலே ஏறும். ஆனால் அதிக உயரம் போகாது. பெரும்பாலானவை தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடும். ஆடு புல்லோடு சேர்த்து விழுங்கிய மூன்று வாரத்தில் அந்தப் புழுவும் முட்டையிட ஆரம்பித்துவிடும். ஐப்பசி மழையில் தொடங்கிய சங்கிலி, மார்கழிக்குள் மூன்றாவது கண்ணிக்கு வந்துவிடும் என்று வைத்துக்கொள். தைப் பொங்கலை ஒட்டி ஊரில் ஆடுகள் 'திடீரென்று' விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். திடீரென்று நடந்தது எதுவுமில்லை, மூன்று மாதமாக நடந்ததுதான்.

ஆடு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது ஓரிடத்தில்தான். ஹீமாங்கஸ் தாக்கிய ஆடு பெரும்பாலும் கழியாது. புழுக்கை உருண்டை உருண்டையாக, பார்க்க நன்றாகவே விழும். 'கழிச்சலே இல்லையே, பிறகென்ன புழு?' என்று கேட்பார்கள். ஆடு மந்தையில் பின்தங்கும், கொஞ்சம் நடந்தால் மூச்சு வாங்கும், மயிர் சிலிர்த்து நிற்கும். பிறகு கீழ்த்தாடையில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும். இரத்தத்தில் புரதம் குறைந்து நீர் கசிந்து தேங்குவதால் வரும் வீக்கம் அது. மேய்ந்து முடித்துச் சாயங்காலம் வரும்போது வீக்கம் பெரிதாகத் தெரியும், காலையில் சற்று வடிந்திருக்கும். தாடை வீங்கிவிட்டதென்றால் அந்த ஆடு ரொம்ப தூரம் போய்விட்டது என்று அர்த்தம்.

இதற்கு நேர்மாறானது நாடாப்புழு. பால் மறந்த குட்டியின் புழுக்கையில் வேகவைத்த அரிசி போல வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் வீடே பதறிவிடும். உடனே மருந்துக் கடைக்கு ஓட்டம். நாடாப்புழு குட்டிக்கு நல்லதென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது கொல்வது அரிது. கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அதற்குக் காசு செலவாகிறது. கொல்கிற புழுவின் முட்டையோ நுண்ணோக்கியில்தான் தெரியும்.

குட்டிகள் விஷயத்தில் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று முதல் நான்கு மாதக் குட்டிகள் நெருக்கமாக அடைந்து கிடக்கும் கொட்டிலில் இரத்தம் கலந்தோ, நாற்றத்தோடோ கழிந்தால், முதல் சந்தேகம் இரத்தக் கழிச்சல் நோய்மேல், அதாவது காக்சிடியா மேல், விழ வேண்டும். அது புழுவே கிடையாது, ஒரு செல் உயிரி. அல்பெண்டசோல், ஐவர்மெக்டின் எதுவும் அதைத் தொடாது. அதற்கு ஆம்ப்ரோலியம், சல்ஃபா வகை மருந்துகள் தனியாக உண்டு. புழு மருந்தை இரண்டு தடவை ஊற்றிவிட்டுக் குட்டி சாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

இனி அட்டவணைக்கு வரலாம்.

புழு மருந்துகளின் சரித்திரம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 1961-இல் தையபெண்டசோல் வந்தது. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள். மூன்றே ஆண்டில், 1964-இல், அதற்கு அசையாத ஹீமாங்கஸ் அமெரிக்காவில் பதிவானது. இந்தியாவில் செம்மறிகளில் 1976-லேயே இப்படியொரு அறிக்கை வந்துவிட்டது. 1981-இல் ஐவர்மெக்டின் வந்தது. ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிறந்த மருந்து அது. அவருக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. அவ்வளவு பெரிய மருந்தும் பத்தாண்டு தாங்கவில்லை. 1980-களிலேயே தென்னாப்பிரிக்கச் செம்மறிப் பண்ணைகளில் அது தோற்றது. 2009-இல் நியூசிலாந்தில் மொனிபான்டல் என்ற புத்தம் புதிய வகை விற்பனைக்கு வந்தது. 2013-இல் அதே நாட்டில், ஒரு வெள்ளாட்டுப் பண்ணையில், அதற்கும் அசையாத புழுக்கள் பதிவாயின. தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் அல்பெண்டசோல் குடும்பத்துக்கு எதிர்ப்புக் கொண்ட புழுக்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

எப்படி நடக்கிறது இது? மந்தையில் உள்ள ஆயிரக்கணக்கான புழுக்களில் ஒருசிலவற்றுக்கு இயல்பாகவே அந்த மருந்தைத் தாங்கும் தன்மை இருக்கும். மந்தை மொத்தத்துக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றினால் மற்றவை சாகும், இந்தச் சில மட்டும் பிழைக்கும். அடுத்த மூன்று வாரத்துக்கு மேய்ச்சல் தரையில் விழும் முட்டைகள் எல்லாம் இவற்றின் வாரிசுகளே. அதுவும் கடும் கோடையில், தரையில் இளம்புழுவே இல்லாத நேரத்தில், முப்பது ஆட்டுக்கும் சேர்த்து ஊற்றினால் மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்கள் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மழை வந்ததும் முளைப்பது முழுக்க எதிர்ப்புக் கொண்ட இனமாக இருக்கும். மந்தையில் சில ஆடுகளுக்கு மருந்து கொடுக்காமல் விட்டால் அவற்றின் புழுக்கள் போடும் சாதாரண முட்டைகள் தரையில் கலந்து, எதிர்ப்புப் புழுக்களின் பங்கை நீர்க்கச் செய்துகொண்டே இருக்கும். சில ஆடுகளில் புழுவை விட்டுவைக்கச் சொல்வது படித்த பெண்ணுக்குக் கூடக் கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ஆனால் மருந்து பத்து வருசம் வேலை செய்ய வேண்டுமானால் இதைவிட்டால் வேறு வழி யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எந்த ஆட்டை விடுவது, எதற்குக் கொடுப்பது? இங்குதான் தென்னாப்பிரிக்கா வருகிறது. எல்லா மருந்தும் தோற்றுக்கொண்டிருந்த அந்த நாட்டுச் செம்மறிப் பண்ணைகளில் ஃபிரான்சுவா மாலன் என்ற கால்நடை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மந்தையில் எல்லா ஆடும் ஒரே மாதிரி வாடுவதில்லை. புழு பாதிப்பு முற்றியவற்றின் கண்ணிமை உட்புறம் வெளுத்துப்போகிறது. அந்த நிறத்தை அளவுகோலாக்கினால் என்ன? யான் வான் வைக், காரெத் பாத் என்ற இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1990-களில் அவர் உருவாக்கியது ஃபமாச்சா அட்டை. அவரை நண்பர்கள் கூப்பிடும் 'ஃபாஃபா மாலன்' என்ற பெயரும் சார்ட் என்ற சொல்லும் ஒட்டிப் பிறந்த பெயர். அட்டையில் ஐந்து கட்டங்கள். ஒன்று நல்ல சிவப்பு, ஐந்து சுண்ணாம்பு வெளுப்பு. செம்மறிக்காகச் செய்த அட்டையை 2001 வாக்கில் அதே நாட்டின் ஏழைக் குடும்பங்கள் வளர்த்த வெள்ளாடுகளிலும் சோதித்துப் பார்த்தார்கள். இன்று அமெரிக்கா முதல் பிரேசில் வரை புழக்கத்தில் இருக்கிறது.

அந்த அட்டையின் பலம் எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு மந்தையின் புழுக்கள் எல்லா ஆடுகளுக்குள்ளும் சமமாகப் பரவியிருப்பதில்லை. இருபது, முப்பது சதவீத ஆடுகள் எழுபது, எண்பது சதவீதப் புழுக்களைச் சுமக்கின்றன. உன் முப்பதில் ஆறிலிருந்து ஒன்பது ஆடுகள்தான் பிரச்சினை. மற்றவற்றுக்கு ஊற்றும் மருந்து பாதிக்கும் மேல் வீண், அதோடு புழுவுக்குப் பயிற்சி வேறு.

பார்க்கும் முறையைச் சரியாகப் பழகிக்கொள். கொட்டிலுக்குள் பார்க்கக் கூடாது. வெளியே, வெயிலில், ஆனால் உன் நிழல் ஆட்டின் முகத்தில் விழாமல் நிற்க வேண்டும். ஒரு கையின் கட்டைவிரலால் மேலிமையை உருட்டிக் கண்ணை மூடு. மூடிய இமைமேல் மெதுவாக அழுத்து. அழுத்தியபடியே இன்னொரு கட்டைவிரலால் கீழிமையைக் கீழே இழு. இளஞ்சிவப்புச் சதைப் படுகை ஒன்று பிதுங்கி வெளியே வரும். அதன் நடுப்பகுதியின் நிறம்தான் கணக்கு. கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமையைப் பார்த்து ஏமாறாதே. ஓரிரண்டு விநாடிக்குள் அட்டையோடு ஒப்பிட்டு முடிவெடு. இமையைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் இரத்தம் ஏறி நிறம் மாறிவிடும். இரண்டு கண்ணையும் பார்த்து, வெளிறியது எதுவோ அதை எடுத்துக்கொள். ஒன்றா இரண்டா என்ற சந்தேகம் வந்தால் வெளிறிய எண்ணையே எழுது.

அட்டை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கைபேசியில் வரும் படமோ ஜெராக்ஸ் பிரதியோ பயன்படாது. திரைக்குத் திரை, மைக்கு மை நிறம் மாறும். ஒரு கட்டம் தப்பினால் ஒரு உயிர் போகும். அசல் அட்டையைக் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் கேள். அதுவும் நாளடைவில் வெளிறிவிடும், பரணில் தொங்கவிடாமல் இருட்டில் வை.

ஒன்று, இரண்டு என்று வந்த ஆட்டை விட்டுவிடு. நான்கு, ஐந்து வந்தால் அன்றே மருந்து. மூன்றில்தான் யோசனை. நல்ல உடம்போடு இருக்கும் பெரிய ஆடென்றால் பொறுக்கலாம். குட்டி, நிறைசினை, ஈன்று பால் கொடுக்கும் ஆடு, எலும்பு தெரியும் ஆடு என்றால் மூன்றிலேயே கொடுத்துவிட வேண்டும். ஈனும் பருவத்தை ஒட்டிப் பெட்டை ஆட்டின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து, புழுக்கள் முட்டையை அள்ளித் தெளிக்கும். பிறக்கும் குட்டிகள் தாயின் காலடியிலேயே அதை வாங்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, உச்ச மழையில் வாரம் ஒரு தடவை இமையைப் பார். பங்குனி, சித்திரை வெயிலில் மாதம் ஒரு தடவை போதும். ஐந்தாம் எண் ஆட்டுக்கு இரத்தத்தில் சிவப்பணுப் பங்கு 12 சதவீதமோ அதற்கும் கீழோ போயிருக்கும். அதைத் துரத்திப் பிடித்தாலே செத்துவிடலாம். மெதுவாக அணுகி, மருந்தோடு டாக்டரையும் கூப்பிடு. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

இமை வெளுப்பதற்கெல்லாம் ஹீமாங்கஸ்தான் காரணம் என்றும் நினைத்துவிடாதே. உண்ணி, பேன், கல்லீரல் தட்டைப்புழு, உண்ணி பரப்பும் இரத்த நோய்கள், வெறும் பட்டினி, எல்லாமே வெளுக்க வைக்கும். மருந்து கொடுத்தும் இமை சிவக்கவில்லையென்றால் இவற்றைத் தேட வேண்டும்.

மருந்து கொடுக்கும் விதத்தில் பாதி வெற்றி இருக்கிறது. பண்ணைக்காரர் 'பதினைந்து கிலோ இருக்கும்' என்று கண்ணளவில் சொல்லும் ஆடு தராசில் இருபத்திரண்டு நிற்பது சகஜம். குறைந்த அளவு மருந்துதான் எதிர்ப்புப் புழுவை வளர்க்க நிச்சயமான வழி. தொங்கு தராசு ஒன்றும் சாக்குத் தொட்டிலும் முதலில் வாங்கு. இரண்டாவது, வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக உடைத்து வெளியேற்றிவிடுகிறது. பாட்டிலில் செம்மறிக்கு எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் பற்றாது. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல், வாய்வழி ஐவர்மெக்டின் ஆகியவற்றைச் செம்மறி அளவில் இரட்டிப்பாகவும், லெவாமிசோலை ஒன்றரை மடங்காகவும் வெள்ளாட்டுக்குக் கொடுப்பது வெளிநாட்டுக் கால்நடை மருத்துவர்களிடம் வழக்கம். ஆனால் நீயாகக் கூட்டிவிடாதே. லெவாமிசோலில் சரியான அளவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு, மீறினால் ஆடு எச்சில் வடித்து நடுங்க ஆரம்பித்துவிடும். அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் குட்டி ஊனமாகலாம். அளவை டாக்டரிடம் எழுதி வாங்கு.

பாட்டிலைக் குலுக்கவும் மறக்காதே. அல்பெண்டசோல் திரவத்தில் மருந்து அடியில் தங்கும். குலுக்காமல் ஊற்றினால் முதல் பத்து ஆடுகள் வெறும் தண்ணீரைக் குடிக்கும், கடைசி இரண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஆட்டின் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கி ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போகும். தலை மட்டமாக இருக்க, கடைவாய் வழியாகக் குழலை விட்டு நாக்கின் பின்பக்கம் இறக்க வேண்டும். தீவனத்தில் கலந்து வைப்பதென்றால் வலுத்த கிடா நாலு பங்கு தின்னும், மருந்து தேவைப்படும் நோஞ்சான் முகர்ந்துகூடப் பார்க்காது. கறிக்கோ பக்ரீதுக்கோ விற்கப் போகும் ஆட்டுக்கு மருந்து கொடுத்தால், கறியும் பாலும் விலக்க வேண்டிய நாட்கள் எத்தனை என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்.

மேய்ச்சலைப் பற்றி நம் ஆட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது கொஞ்சமல்ல. பனி ஈரம் காயும் முன் மந்தையை ஓட்டிப் போகமாட்டார்கள். இளம்புழு புல்லில் ஏறுவது அந்த ஈரத்தில்தான் என்று நுண்ணோக்கி சொல்வதற்கு முன்பே வந்த பழக்கம். தோளில் தொரட்டி இல்லாமல் வெள்ளாட்டுக்காரர் கிளம்புவதில்லை. உடை, வேலம், கொடுக்காப்புளி என்று தழையை இழுத்துப் போட்டுக்கொண்டே போவார். வெள்ளாடு பிறவியிலேயே தழை தின்னி, நிமிர்ந்து மேயும் ஜீவன். ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே காத்திருக்கும் புழுவை அது அதிகம் சந்தித்ததே இல்லை. அதனால்தான் செம்மறிக்கு வயதோடு வரும் எதிர்ப்புச் சக்தி வெள்ளாட்டுக்கு அந்த அளவு வரவில்லை என்கிறார்கள். கம்பி வேலி போட்ட ஒன்றரை ஏக்கர் புல்தரையில் முப்பது வெள்ளாட்டை வருசம் முழுக்க அடைத்து வைப்பது, அதன் பிறவிக்கே விரோதமான வளர்ப்பு. உன் வேலி போட்ட நிலத்தைப் படத்தில் பார்த்தபோது இதுதான் முதலில் கண்ணை உறுத்தியது.

அதை அப்படியே விடவேண்டியதில்லை. பசிபிக் தீவுகளில், ஈரம் மிகுந்த நிலத்தில், வெள்ளாடுகளை வைத்தே ஒரு சோதனை செய்து 1994-இல் வெளியிட்டார்கள். நிலத்தைப் பத்துத் துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மூன்றரை நாள் மட்டும் மேய விட்டு நகர்த்தினார்கள். முதல் துண்டுக்குத் திரும்பி வர ஐந்து வாரம். வெப்ப மண்டலத்தில் இளம்புழுக்கள் அதற்குள் தம் சேமிப்புச் சக்தியைச் செலவழித்துச் செத்துவிடுகின்றன. ஒரே இடத்தில் மேய்ந்த ஆடுகளோடு ஒப்பிட்டால் இவற்றின் முட்டை எண்ணிக்கை பாதிக்கும் கீழே. நம் ஊரில் பத்துத் துண்டு எல்லோருக்கும் முடியாது. ஆனால் எத்தனை முடிந்தாலும் இரண்டு விதியைப் பிடித்துக்கொள்ளலாம்: ஒரு துண்டில் நாலு நாளுக்கு மேல் இருக்க வேண்டாம், புல் கணுக்காலுக்குக் கீழே போனதும் கிளப்பிவிடு.

கண்மாய்க்குள் மட்டும் விடாதே. தண்ணீர் வற்றிய பிறகு கண்மாய் உள்வாயில் துளிர்க்கும் பச்சைப் புல்லைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கும். கோடையில் ஊர் மந்தை எல்லாம் அங்கேதான் கூடும். அந்தச் சேற்றில் வாழும் நத்தைகளிலிருந்து வெளிவரும் தட்டைப்புழுக் குஞ்சுகள் புல்லின் அடித்தண்டில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். முன்சிறுகுடலில் இளம் இரைப்பைத் தட்டைப்புழுக்கள் கூட்டமாகப் புகுந்தால் ஆடு தண்ணீராகக் கழிந்தே சாகும். ஐவர்மெக்டின் இவற்றை எதுவும் செய்யாது. ஆக்ஸிகுளோசனைடு போன்ற தனி மருந்து வேண்டும்.

பரணில் வளர்ப்பவர்கள் ஒரு கேள்வியோடு வருவார்கள்: 'ஆட்டை வெளியே விட்டதே இல்லை. புழு எங்கேயிருந்து வந்தது?' பதில் பெரும்பாலும் தீவனப் பாத்தியில் கிடக்கும். பரணுக்கு அடியில் விழுந்த பச்சைப் புழுக்கையை அள்ளி அப்படியே கோ-4 தீவனப்புல் பாத்தியில் உரமாகப் போடுகிறார்கள். தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். ஒரு வாரம் கழித்து அடியோடு ஒட்ட அறுத்து, ஈரத்தோடு தொட்டியில் போடுகிறார்கள். மேய்ச்சல் தரையில் ஆடு புழுவைத் தேடிப் போக வேண்டும். இங்கே நாமே அறுத்துக் கொண்டுவந்து கொடுக்கிறோம். எருவைக் குவித்து மட்கவைத்தால் உள்ளே எழும் சூட்டில் முட்டையும் புழுவும் வெந்துவிடும். மட்கிய பிறகு போடு. தீவனத்தை ஒரு சாண் விட்டு அறு. நாலு மணி நேரம் வெயிலில் வாடவிட்டுப் போடு. வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா, முருங்கை மாதிரி உயரத்தில் கிடைக்கும் தழை தினம் ஒரு வேளையாவது இருக்கட்டும். அவற்றில் புழு இல்லை, புரதம் இருக்கிறது. புழுவோடு போராடும் குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் புரதம் மருந்துக்குச் சமம். ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்குக்குக் கணக்குப் பார்க்காதே.

மூலிகை பற்றிக் கேட்டிருந்தாய். சீரகம், மிளகு, பூண்டு, வேப்பிலை, பாகல், தும்பை, வாழைத்தண்டு சேர்த்து அரைத்து வெல்லம் கலந்து கொடுக்கும் முறையை மரபு மருத்துவம் கற்பிப்பவர்கள் சொல்லித்தருகிறார்கள். ஒன்று, இரண்டில் நிற்கும் ஆடுகளுக்குக் கொடுத்துப் பார். கேடில்லை. ஐந்தில் கிடக்கும் ஆட்டுக்கு வாழைத்தண்டை நம்பி இரண்டு நாள் காத்திருந்தால் தோலுரிக்கத்தான் ஆள் தேட வேண்டும். ஹீமாங்கஸுக்குத் தடுப்பூசியும் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2014 முதல் செம்மறிக்குப் போடுகிறார்கள். புழுவின் குடல் சவ்விலிருந்து எடுத்த புரதத்தில் செய்தது. மருந்தைச் செய்யவே புழுவை ஆடுகளுக்குள் வளர்த்து அறுவடை செய்ய வேண்டியிருக்கிறது, பருவத்தில் பல ஊசி போட வேண்டும். நம் ஊர்க் கடையில் கேட்டு அலைய வேண்டாம்.

எட்டயபுரம் சந்தைக்குப் போய் இன்னும் பத்து ஆடு பிடிக்கப்போவதாக உன் அம்மா சொன்னாள். சந்தை ஆடு வயிற்றுக்குள் எந்தப் பண்ணையின் எதிர்ப்புப் புழுவைச் சுமந்து வருகிறதோ யாருக்குத் தெரியும். வந்த அன்றே இரண்டு வேறு குடும்பத்து மருந்துகளை டாக்டர் சொல்லும் அளவில் கொடு, இரண்டு வாரம் தனிக் கொட்டிலில் வை, அங்கே விழும் புழுக்கையைத் தனியாக மட்கவை. பிறகு புழுக்கை சோதித்து முட்டை இல்லையென்றால் மந்தையோடு சேர்.

புழுக்கைச் சோதனை பெரிய வித்தை இல்லை. இரண்டு கிராம் புழுக்கையைக் கரைத்து, நிறைவுற்ற உப்புக் கரைசலோடு மொத்தம் முப்பது மில்லியாக்கி வடிகட்டி, கட்டம் போட்ட இரண்டு கண்ணாடி அறைகளில் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால், உப்புக் கரைசலைவிட எடை குறைந்த முட்டைகள் மிதந்து மேலே வந்து நிற்கும். நீள்வட்டமாக, உள்ளே திராட்சைக் கொத்து போலச் செல்கள் தெரிய இருக்கும். இரண்டு அறையிலும் எண்ணி ஐம்பதால் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது வந்துவிடும். மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் பார்த்துச் சொல்வார்கள். உன் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் இதே வழிதான். மருந்து கொடுக்கும் நாளில் ஒரு எண்ணிக்கை, பதினான்கு நாள் கழித்து இன்னொன்று. ஆயிரம் என்று இருந்தது ஐம்பதுக்குக் கீழே போகவேண்டும். முந்நூறு, நானூறு என்று நின்றால் அந்த மருந்துக் குடும்பம் உன் பண்ணையில் செத்துவிட்டது. வேறு பிராண்ட் பெயரில் அதே குடும்பத்தை வாங்கிவிடாதே, பாட்டிலின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைப் படி.

ஒரு நோட்டுப் போடு. காது எண், தேதி, இமை எண், எடை, மருந்து, இவ்வளவு போதும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் அந்த நோட்டே சொல்லும், மூன்று தடவை மருந்து வாங்கிய ஆடு எது, ஒரு தடவைகூட வாங்காத ஆடு எது என்று. முதலாவது எவ்வளவு அழகாக இருந்தாலும் விற்றுவிடு, அதன் கிடாக்குட்டியை இனவிருத்திக்கு வைக்காதே. புழுவைத் தாங்கும் தன்மை ஓரளவு தாய் தகப்பன் வழி வருவது. போயர் கலப்பு எடை நன்றாக வைக்கும் என்று அதன் பக்கம் சாய்கிறாய். இந்த மழையில் உன் கன்னி ஆடுகளின் இமையும் அவற்றின் இமையும் எப்படி நிற்கின்றன என்று பார்த்துவிட்டு அடுத்த கிடாவைத் தேர்ந்தெடு.

அடுத்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுதான். மெலிந்தவை நாலு, கொழுத்தவை மூன்று, பால் மறந்த குட்டிகள் மூன்று என்று பத்து ஆடுகளைப் பிடித்து, ஒவ்வொன்றின் புழுக்கையையும் காலையில் ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தனித்தனிப் பையில் கட்டி, காது எண்ணை எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடு. மறுநாள் வரை வெப்பத்தில் வைத்தால் முட்டை பையிலேயே பொரிந்து எண்ணிக்கை பொய்யாகிவிடும். எண்கள் வந்ததும் இமை எண்களோடு சேர்த்து எழுதி அனுப்பு. அதுவரை, இமை நான்கு, ஐந்து காட்டும் ஆட்டுக்குத் தவிர, வாங்கி வைத்த அல்பெண்டசோலைத் திறக்காதே.

அன்புடன்,
சித்தப்பா